உங்கள் ஐந்து கிரேக்கப் படங்கள்: எந்தப் புத்தகம், எந்தக் காலம், எந்தச் சுவர்

லண்டன் போர்ட்டபெல்லோ சந்தையில் ஐந்து பழைய அச்சுப் படங்கள் வாங்கியிருக்கிறீர்கள். மூன்று கோட்டோவியம், அதில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் வண்ணம் தடவியிருக்கிறது. இரண்டு வண்ணப் படம், அதில் ஒன்றில் தங்க நிறம் மின்னுகிறது. எல்லாமே பண்டைக் கிரேக்கர்களின் உடை, யாழ், நாற்காலி, போர்க்கவசம். ‘இவை அசலா? சென்னையில் வீட்டுக் கூடத்தில் மாட்டலாமா? இன்னும் சேர்க்கலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தாள் பழையதா என்பது ஒன்று. அதில் வரைந்திருப்பதைப் போலத்தான் கிரேக்கர்கள் உடுத்தினார்களா என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பேசினால்தான் மாட்டுவதைப் பற்றியும் சேர்ப்பதைப் பற்றியும் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் காகிதப் பராமரிப்பு படித்தவன். பழைய அச்சுத் தாள்களைச் சுத்தம் செய்வது, கிழிசல் ஒட்டுவது, பெட்டியில் போடுவது, பிரேமுக்குத் தயார் செய்வது, இதுதான் தொழில். எனவே தாள், மை, அச்சு முறை பற்றிச் சொல்வதைத் தொழிலாளியின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத் தொல்லியல் என் துறை அல்ல. உடையைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும், கூட வேலை செய்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை சுவரில் மாட்டுவதற்காக அச்சானவை அல்ல. அவை புத்தகப் பக்கங்கள். யாரோ ஒரு புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்றதால்தான் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. ஆகவே ‘இது அசலா’ என்று மொட்டையாகக் கேட்பதைவிட ‘இது எந்தப் புத்தகத்தின் பக்கம்’ என்று கேளுங்கள். அது தெரிந்துவிட்டால் ஆண்டு, அச்சு முறை, தாளின் அளவு, வண்ணம் இருந்திருக்க வேண்டுமா கூடாதா, எல்லாமே அதன் பின்னாலேயே வந்துவிடும். விலையும்கூட.

உங்கள் மூன்று கோட்டோவியங்களும் சிறிய அளவு, நிழல் துளியும் இல்லை, ஒரு தாளில் ஓரிரு உருவங்கள், கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வர்ணனைக்கு மிக நெருக்கமாக வருவது தாமஸ் ஹோப் வெளியிட்ட ‘காஸ்ட்யூம் ஆஃப் தி ஏன்சியன்ட்ஸ்’. லண்டனில் 1809-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. 1812-இல் பெரிதாக்கிய பதிப்பு வந்தபோது படத்தாள்கள் 300. கோடுகளைச் செம்பில் செதுக்கியவர்களில் முக்கியமானவர் ஹென்றி மோசஸ். ஹோப் ஆம்ஸ்டர்டாமில் பெரிய வங்கி நடத்திய குடும்பத்துப் பிள்ளை. பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் வந்தபோது அந்தக் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. பணத்துக்குக் குறைவில்லை, ரசனைக்கும் குறைவில்லை, தன்னடக்கம் கொஞ்சம் குறைவு. டச்சஸ் தெருவில் இருந்த தன் வீட்டைப் பூச்சாடி அறை, சிலை அறை என்று அலங்கரித்து, 1804-இல் ராயல் அகாடமி ஓவியர்களுக்கு அனுமதிச் சீட்டு அனுப்பிவைத்தார். வீட்டுக்குக் கூப்பிடுவதற்குச் சீட்டா என்று அவர்களுக்கு ஏக வருத்தம்.

நிழலே இல்லாமல் கோடு மட்டும் ஏன் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது, சேகரிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக 1764 முதல் 1800 வரை இருந்தவர் சர் வில்லியம் ஹாமில்டன். தென் இத்தாலியக் கல்லறைகளிலிருந்து வெளிவந்த கிரேக்க மண்சாடிகளை அள்ளிச் சேர்த்தார். முதல் சேகரிப்பை டான்கார்வில் என்று தன்னை அழைத்துக்கொண்ட பிரெஞ்சுக்காரரைக் கொண்டு நான்கு பெரிய தொகுதிகளாக அச்சிடச் செய்தார். முதல் இரண்டின் தலைப்புப் பக்கத்தில் 1766, 1767 என்று இருக்கும். கடைசி இரண்டும் வெளிவர 1776 ஆகிவிட்டது, காரணம் டான்கார்வில்லின் கடன். கறுப்பும் செம்மண் நிறமுமாக அந்தத் தாள்கள் இன்றைக்கும் கண்ணைப் பறிக்கும். சாடிகளை 1772-இல் பிரிட்டிஷ் மியூசியம் 8,400 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அப்புறம் ஹாமில்டன் மறுபடியும் சேர்க்க ஆரம்பித்தார். இரண்டாவது சேகரிப்பை 1791 முதல் வெளியிட்டவர் ஓவியர் டிஷ்பைன். இந்தத் தடவை வண்ணமும் இல்லை, நிழலும் இல்லை. இளம் ஓவியர்கள் வாங்கக்கூடிய விலையில் இருக்கட்டும் என்று கோட்டோடு நிறுத்தியதாக ஹாமில்டனே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். 1793-இல் ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் ஹோமரின் இரு காவியங்களுக்கு வரைந்த கோட்டோவியங்களை ரோமில் பிரோலி செதுக்கி வெளியிட்டதும், கிரேக்கம் என்றால் கோடு என்பது ஐரோப்பா முழுக்க ஒரு ருசியாகவே நிலைத்துவிட்டது. ஹோப் அந்த ருசியின் பிள்ளை. ஹாமில்டனின் இரண்டாவது சேகரிப்பில் ஒரு பகுதி 1798 டிசம்பரில் ‘கொலோசஸ்’ என்ற கப்பலோடு, இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளுக்கு அருகே மூழ்கிப்போனது. மிஞ்சியதை 1801-இல் விலைக்கு வாங்கியவர் இதே ஹோப்தான். மூழ்கியவற்றின் துண்டுகளை 1970களில் முக்குளித்து எடுத்து பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

டான்கார்வில் தாள்கள் உங்கள் ஐந்தில் இல்லை. இருந்திருந்தால் சந்தையில் அந்த விலைக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே படங்களைச் சிறிய அளவில் பாரிஸில் பிரான்சுவா-ஆன் டேவிட் 1785 முதல் 1788 வரை மறுபடி செதுக்கி வெளியிட்டார். கை எட்டும் விலையில் ஹாமில்டன் சாடிகள் வேண்டுமென்றால் அதைத் தேடலாம். விற்பவர்கள் சிலர் டேவிட் தாளை டான்கார்வில் தாள் என்று சொல்லிவிடுவார்கள். தாளின் அளவே காட்டிக்கொடுத்துவிடும். டான்கார்வில் ஃபோலியோ என்ற மிகப் பெரிய புத்தக அளவு, டேவிட் அதற்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தை.

வண்ணப் படங்களுக்கு வருவோம். தங்க நிறம் இருப்பதும், ஒரே தாளில் பல உருவங்களை வரிசையாக நிறுத்தியிருப்பதும் ஒகுஸ்ட் ரசினே தொகுத்த ‘ல கோஸ்தூம் இஸ்தோரிக்’ புத்தகத்தின் பாணி. பாரிஸில் ஃபிர்மாங்-டிடோ நிறுவனம் 1876 முதல் 1888 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது. மொத்தம் 500 படத்தாள்கள், அவற்றில் 300 பல வண்ணத்தில், தங்கமும் வெள்ளியும் சேர்த்து. மீதி 200 ஒற்றை வண்ணச் சாயலில். தாளின் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இது குரோமோலித்தோகிராஃப், அதாவது ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிய கல்லச்சு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து நம் பூஜையறைகளுக்கு வந்த லட்சுமியும் சரஸ்வதியும் இதே முறையில் அச்சானவர்கள்தான். பழைய ரவிவர்மா படம் ஒன்று உறவினர் வீட்டில் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழகுங்கள், ரசினேவைப் பார்க்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ரசினே இல்லையென்றால் ஜெர்மன் புத்தகமாக இருக்கலாம். ஹோட்டன்ரோத் 1884 முதல் 1891 வரை ஸ்டுட்கார்ட்டில் வெளியிட்ட உடைத் தொகுப்பு ஒன்று உண்டு. கிரெட்ச்மரும் ரோர்பாக்கும் லைப்சிக்கில் 1864-இல் வெளியிட்டது ஒன்று. மையர்ஸ் கலைக்களஞ்சியத்தின் உடைப் பக்கங்கள் இன்னொன்று. கடைசியில் சொன்னது ஏராளமாக அச்சானது, எங்கும் கிடைக்கும், அதற்கு அதிகம் கொடுக்காதீர்கள்.

இனி சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருப்பாரே, அதுதான். வண்ணப் படத்தில் முகத்தையோ துணியின் மடிப்பையோ பாருங்கள். கல்லச்சாக இருந்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் இட்ட மாதிரி, அளவு மாறி மாறி இருக்கும். ஒரு நிறத்தின் ஓரம் இன்னொன்றின்மேல் கொஞ்சம் விலகி விழுந்திருக்கும். அதற்குப் பதிலாக வரிசை தவறாத சின்னச் சின்ன வட்டங்கள், நான்கு நிறப் புள்ளிகள் சேர்ந்து ரோஜாப்பூ வடிவம் காட்டுவது தெரிந்தால், அது இருபதாம் நூற்றாண்டு ஆஃப்செட் இயந்திர அச்சு. பேச்சே வேண்டாம். புள்ளிகள் தூவின மாதிரி மிக நுண்ணியதாக, விளிம்பே இல்லாமல் இருந்தால் இங்க்ஜெட் பிரின்டர். தங்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். உலோகப் பொடியின் மினுமினுப்பு இருந்தால் நல்லது. வெறும் மஞ்சள்-பழுப்பாகவே நின்றால் அது தங்கத்தைப் போட்டோ எடுத்து அச்சிட்டது.

கோட்டோவியத்துக்கு வேறு வழி. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும்போது ஈரத் தாளை உருளைக்குள் அழுத்தித் தள்ளுவார்கள். கோடுகளில் தங்கிய மை தாளின் மேலே மெல்லிய மேடாக நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்த மேடு தெரியும். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். இந்தப் பள்ளம் இல்லை என்பதற்காகவே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பைண்டிங் செய்தவர் ஓரத்தை வெட்டியபோது அதுவும் சேர்ந்து போயிருக்கலாம், ஹோப் புத்தகம் மாதிரிச் சின்ன அளவில் இது சகஜம். ஆனால் கோட்டின் மேடு எங்கேயும் போகாது. இன்னொன்று, செம்பு தேயும். அதே தகடுகளிலிருந்து பின்னாளில் எடுத்த பிரதிகளில் மெல்லிய கோடுகள் வெளிறி, சில இடங்களில் அறுந்தே தெரியும். தாள் பழையது, ஆனால் முதல் பிரதி அல்ல என்று அர்த்தம்.

தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்ப்பது எனக்கு மிகப் பிடித்த வேலை. இங்கிலாந்தில் 1794-க்குப் பிறகு தாள் செய்தவர்கள் நீர்க்குறியில், அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் அடையாளத்தில், ஆண்டையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஏற்றுமதி வரிச் சலுகைக்காகச் சட்டம் அப்படிக் கேட்டது. வாட்மன் என்ற தாள் தயாரிப்பாளரின் பெயரும் ஓர் ஆண்டும் தெரிந்தால், அந்த ஆண்டுக்கு முன்பு அது அச்சாகியிருக்க முடியாது. எவ்வளவு பின்னால் அச்சானது என்பதை நீர்க்குறி சொல்லாது. பெரிய தாளை நறுக்கி அச்சிடுவதால் ஒரு படத்தில் நீர்க்குறி அரைகுறையாக வரலாம், வராமலும் போகலாம். அப்புறம் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு. கடையில் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருட்டறையில் தாளின்மேல் காட்டுங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அந்தத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் தாளில் அதைச் சேர்க்கும் வழக்கமே இல்லை. மங்கலாக, சற்று மஞ்சளாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. அறிகுறிதான், சான்றல்ல. பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து அதில் அச்சிடுகிறவர்களும் உண்டு.

மறுபதிப்புகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஹோப்பின் படங்களை அமெரிக்காவின் டோவர் நிறுவனம் 1962-இல் மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. டான்கார்வில், ரசினே இரண்டையும் டாஷன் நிறுவனம் 2000-க்குப் பிறகு பெரிய, அழகான புத்தகங்களாகக் கொண்டுவந்தது. இவையெல்லாம் நேர்மையான பதிப்புகள், வீட்டில் வைத்திருக்க வேண்டியவை. பிறகு யாரோ அவற்றிலிருந்து தாளை வெட்டித் தேயிலைத் தண்ணீரில் முக்கி, பழைய மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போட்டு விற்பதுதான் வம்பு. கூடவே ‘அசல் என்று உறுதி அளிக்கிறோம்’ என்று ஒரு சான்றிதழும் வரும். விற்கிறவரே எழுதிக்கொடுக்கும் சான்றிதழுக்கு என்ன மதிப்போ அதுதான் அதற்கும். எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எத்தனையாவது படம் என்று ரசீதில் எழுதிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். அதை எழுத மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

உங்கள் கோட்டோவியங்களில் ஒன்றில் மட்டும் இளஞ்சிவப்பு, நீலம் தடவியிருப்பதாகச் சொன்னீர்கள். ஹோப் புத்தகம் பொதுவாக வண்ணமில்லாமல் புழங்கியது. ஆகவே அந்த வண்ணம் பின்னால் சேர்த்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1820-இல் ஓவியம் பழகிய ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து தீட்டியதா, 1980-இல் கடைக்காரர் விற்பனைக்காகத் தீட்டியதா என்பதைப் போட்டோவை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். நேரில் பார்த்தால் கொஞ்சம் சொல்லலாம்: பழுப்புப் புள்ளிகள் வண்ணத்துக்கு மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா, பழைய மவுண்ட் மறைத்த ஓரத்தில் வண்ணம் வேறு மாதிரி இருக்கிறதா, தாளின் பின்பக்கம் ஊறியிருக்கிறதா என்று. நான் வாங்குவதாக இருந்தால் வண்ணமில்லாததையே வாங்குவேன். கோடுதான் அந்தப் புத்தகத்தின் உயிர்.

சரி, இரண்டாவது கேள்வி. கிரேக்கர்கள் இப்படித்தான் உடுத்தினார்களா? அடிப்படையில் ஆம். நம் வேட்டி, சேலை போல, உடம்புக்கு அளவெடுத்து வெட்டித் தைக்காமல், தறியிலிருந்து வந்த செவ்வகத் துணியை உடம்பில் மடித்துப் பொருத்துவதுதான் அவர்களுடைய உடையின் ஆதாரம் என்பதில் சந்தேகமில்லை. பெப்லோஸ் என்பது கம்பளித் துணி. மேல் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்து இரண்டு தோளிலும் ஊசி குத்துவார்கள். கிதோன் பெரும்பாலும் லினன் என்ற ஆளிநார்த் துணி, அகலம் அதிகம், பக்கவாட்டில் தையல் இருக்கும், கை நெடுகச் சின்னப் பொத்தான்கள். அதற்குமேல் போர்த்திக்கொள்ளும் பெரிய துணி ஹிமேஷன். குதிரைவீரனும் பயணியும் போடும் குட்டைப் போர்வை கிளாமிஸ். ஊசி குத்தும் உடையிலிருந்து லினன் கிதோனுக்குப் பெண்கள் மாறியதைப் பற்றிப் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு பயங்கரமான கதை சொல்கிறார். ஏஜினா தீவின்மேல் போன ஏதென்ஸ் படையில் ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினானாம். இறந்தவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்து ‘என் புருஷன் எங்கே’ என்று ஒவ்வொருத்தியும் தன் உடை ஊசியால் குத்தியே கொன்றார்களாம். அதன் பிறகுதான் ஊசி வேண்டாத உடைக்குப் பெண்களை மாற்றினார்கள் என்கிறார். நடந்ததா என்பது வேறு விஷயம். அந்த ஊசிகள் எவ்வளவு நீளம் என்பது மட்டும் கதையிலிருந்து நன்றாகவே தெரிகிறது.

இந்தத் துணிகளை உண்மையில் எப்படிச் சுற்றினார்கள் என்பதை உயிருள்ள மாடல்கள்மேல் போட்டுப் பார்த்துப் பாடம் நடத்தியவர் பிரெஞ்சு அறிஞர் லியோன் ஹூஸே. பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் அவர் நடத்திய அந்தப் பாடங்கள் 1922-இல் புத்தகமாக வந்தன. ஹோப்புக்கோ ரசினேவுக்கோ அந்த வசதி இல்லை. ஹோப் பார்த்தது சாடிகளையும், இத்தாலியில் கிடைத்த சிலைகளையும். அந்தச் சிலைகளில் பல, ரோமானியர் காலப் பிரதிகள். மூக்கும் கையும் உடைந்து கிடந்ததைப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் தங்கள் கற்பனைப்படி ஒட்டவைத்தவை. ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் சிற்பங்களை பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியதே 1816-இல், புத்தகம் வந்து பல ஆண்டுகள் கழித்து. முந்நூறு நானூறு ஆண்டுகள் இடைவெளி உள்ள உடைகள் ஹோப்பின் பக்கங்களில் பக்கத்துப் பக்கமாக நிற்கும், எந்தக் காலம் என்ற குறிப்பே இல்லாமல். அப்புறம் அந்தப் பெண்களின் தலைமுடியையும் இடுப்பையும் கவனியுங்கள். 1810-இன் லண்டன் சீமாட்டிகள் மார்புக்குக் கீழே கச்சையிட்டு, இந்தியாவிலிருந்து வந்த வெள்ளை மஸ்லினில், தங்களைக் கிரேக்கச் சிலைகளாக நினைத்து உலவிய காலம் அது. யார் யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று பிரிப்பது கஷ்டம்.

சாடிப் படங்களும் அப்படியே நம்பத் தக்கவை அல்ல. வளைந்த சாடியில் இருக்கும் காட்சியைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும்போது செதுக்குகிறவர் முகத்தை அழகாக்கிவிடுவார், விட்டுப்போன இடத்தை நிரப்பிவிடுவார். ஹாமில்டனின் முதல் சேகரிப்பில் மிகப் புகழ்பெற்ற நீர்க்குடம் இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் மெய்தியாஸ் என்ற குயவர் தன் பெயரை எழுதியிருக்கிறார். டான்கார்வில் அந்தக் குடத்தை அத்தனை ஆடம்பரமாக அச்சிட்டும், அந்தப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கவனத்துக்கு வந்தது. இன்னொரு உதாரணம், அம்மணமாகப் போரிடும் வீரர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் நிர்வாணம் உண்மை. போர்க்களத்தில் அது ஓவியரின் மரபு. அச்சுப் படங்கள் இரண்டையும் ஒன்றாகவே ‘கிரேக்க வாழ்க்கை’ என்று போட்டுவிடும்.

நிறம்தான் இன்னமும் சர்ச்சையான இடம். கிரேக்கச் சிலைகள் வண்ணம் பூசியவை என்று பிரெஞ்சு அறிஞர் கத்ரமேர் த கான்சி 1814-இலேயே புத்தகம் எழுதினார். ஆனால் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் 1886-இல் பெண் சிலைகள் கூட்டமாக மண்ணிலிருந்து வெளிவந்தபோதுதான் சிவப்பும் நீலமும் பச்சையும் நேராகக் கண்ணில் பட்டன. அவற்றில் ‘பெப்லோஸ் கோரே’ என்று பெயர் வாங்கிய சிலை உடுத்தியிருப்பது சாதாரணப் பெப்லோஸே அல்ல, அவள் ஒரு தெய்வமாக இருக்கலாம் என்று வண்ணத் தடங்களை ஆராய்ந்த பிரிங்க்மன் வாதிடுகிறார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. கிரேக்க மண்ணில் துணி தாக்குப்பிடிப்பது அபூர்வம். 1977-இல் வட கிரேக்கத்தின் வெர்கினா அரச கல்லறையில் கிடைத்த ஊதாவும் தங்கமும் இழைத்த துணி மாதிரி வெகு சிலவே கைக்குக் கிடைத்திருக்கின்றன. ஆகையால் ரசினே தாளில் அந்தப் பெண்ணின் ஹிமேஷன் அந்தக் குறிப்பிட்ட நீலமாக இருப்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், சில இடங்களில் ஆதாரம் உண்டு, பல இடங்களில் 1880-இன் பாரிஸ் ரசனைதான் ஆதாரம். இதிலேயே காலம் கணிக்க ஒரு வழியும் இருக்கிறது. கிரீட் தீவில் உள்ள பழைய நோஸஸ் அரண்மனையைத் தொல்லியலாளர் எவன்ஸ் தோண்டத் தொடங்கியது 1900-இல். அடுக்கடுக்கான பாவாடை கட்டிய கிரீட் தீவுப் பெண் ஒரு படத்தில் வந்து, அது 1850-இல் அச்சானது என்று ஒருவர் விற்றால், சிரித்துவிட்டு நகரலாம்.

இதனால்தான் சேகரிப்பதைப் பற்றி என் யோசனை சற்று வேறு. கிரேக்கத்தைக் காட்டும் படங்கள் என்று பொதுவாகச் சேர்த்தால் சுவர் நிறையும், விஷயம் சேராது. ஒரே ஒரு உடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெப்லோஸ் உடுத்திய பெண் என்று வைத்துக்கொள்வோம். மான்ஃபோகான் என்ற பிரெஞ்சுத் துறவி 1719 முதல் வெளியிட்ட பதினைந்து தொகுதிப் பெரும் நூலில் அவள் பருத்த, நிழல் செறிந்த உருவமாக இருப்பாள். டேவிட் தாளில் சாடியிலிருந்து இறங்கியவளாக, ஹோப்பில் ஒற்றைக் கோடாக, ரசினேவில் நீலமும் தங்கமுமாக. நான்கு தாள், நூற்றெழுபது ஆண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய கிரேக்கத்தை எப்படி வரைந்துகொண்டது என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகத் தெரியும். செலவும் பயப்படும்படி ஆகாது. ஹோப் தாள் ஒன்றின் விலை, அதற்கு ஒழுங்காகப் போடும் பிரேமின் விலையைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். ரசினே தாள் வாங்கும்போது அதோடு வந்த பிரெஞ்சு விளக்கத் தாளும் இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எந்த உருவம் எந்தச் சிலையிலிருந்து எடுத்தது என்று அதில்தான் இருக்கும்.

முழுப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து விற்பது எனக்கு ஒப்பாத காரியம். நல்ல கட்டுக்கோப்போடு இருக்கும் ஹோப் புத்தகத்தை உடைத்தால் லாபம் அதிகம் என்பதால் இன்னமும் உடைக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் உடைந்த தாளை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் கடைக்காரர் உங்கள் கண்முன்னே தொகுதியைத் திறந்து ‘எந்தப் பக்கம் வேண்டும்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கங்கள் விடுபட்ட, அட்டை போன பிரதி வந்தால் அதையே முழுசாக வாங்கிவிடுவது உத்தமம். ஒப்பிட்டுப் பார்க்க ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் டான்கார்வில் தொகுதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

மாட்டுவது பற்றி. சென்னையின் முதல் எதிரி வெயில் இல்லை, ஈரக்காற்று. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்து ராத்திரி மட்டும் ஏசி போடும் அறையில் தாள் தினமும் ஊறிச் சுருங்கி அலை அலையாக நெளியும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரும் வேண்டாம். பிரேமின் பின்பக்க மூலைகளில் கார்க் அல்லது ரப்பர்த் துண்டு ஒட்டி, சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றோட்டம் விடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பழைய தாளும் பசையும் விருந்து.

அடுத்தது வெளிச்சம். அருங்காட்சியகங்கள் தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்கின்றன. ஜன்னலோர வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு. கோட்டோவியத்தின் கறுப்பு மை கரி, அது வெளிறாது, தாள்தான் பழுக்கும். ரசினேவின் வண்ணங்களும், கையால் தீட்டிய அந்த இளஞ்சிவப்பும் வெளிறும், வெளிறியது திரும்ப வராது. எனவே வண்ணம் தடவாத கோட்டோவியங்கள் கூடத்துக்கு, வண்ணம் உள்ளவை ஜன்னல் இல்லாத நடைக்கு. புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டால் உதவும், முழுக் காப்பு அல்ல. வண்ணத் தாளை நல்ல ஸ்கேன் எடுத்து அந்தப் பிரதியை மாட்டி, அசலைப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. விருந்தாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது, பத்தாவது ஆள் வந்தால் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.

பிரேம் கடையில் கறாராக இருக்க வேண்டும். வழக்கமாக அங்கே படத்தை ஹார்ட்போர்டில் ஃபெவிகால் தடவி ஒட்டுவார்கள், அல்லது ‘சுருங்காமல் இருக்கும் சார்’ என்று லேமினேட் செய்துவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் அதோடு அந்தத் தாளின் கதை முடிந்தது. செலோடேப்பும் கூடாது, சில ஆண்டுகளில் அதன் பசை எண்ணெய்க் கறையாகத் தாளுக்குள் இறங்கும். பருத்தி நாரால் ஆன, அமிலமில்லாத மவுண்ட் அட்டை கேட்டு வாங்குங்கள். முன்பக்க அட்டையில் ஜன்னல் வெட்டி, படம் கண்ணாடியைத் தொடாதபடி நிற்க வேண்டும். தாளின் மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாளில் இரண்டு சின்னப் பட்டைகளைக் கோதுமை ஸ்டார்ச்சுப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவதுதான் முறை. மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்கட்டும், தாள் ஈரத்துக்கு விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். தகட்டுப் பள்ளம் இருக்கும் தாளில் ஜன்னலை அதற்கு வெளியே விரல் அகலம் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். பள்ளத்தை அட்டையால் மூடிவிட்டால் செம்பு அச்சு என்பதற்கான அழகான சாட்சியே மறைந்துவிடும். ஓரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தாளை வெட்ட விடவே விடாதீர்கள்.

பழுப்புப் புள்ளிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாளில் இருக்கும் இரும்புத் துகளா, பூஞ்சையா, இரண்டும் சேர்ந்தா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. வீட்டில் பிளீச் போட்டுத் துடைக்காதீர்கள், புள்ளி போகும், ஆனால் தாள் பலமிழந்து உடையத் தொடங்கும். பரவாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். இருநூறு வயதுத் தாளில் நாலு புள்ளி இருப்பதில் தப்பொன்றும் இல்லை.

இப்போதைக்கு ஐந்தையும் பிரேம் கடைக்குக் கொடுக்காமல், அமிலமில்லாத தாளுக்கு நடுவே தட்டையாக வைத்திருங்கள். ஒவ்வொன்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, ஜன்னலுக்கு எதிரே பிடித்து ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று போட்டோ எடுத்து, தாளின் அளவையும் தகட்டுப் பள்ளத்தின் அளவையும் சென்டிமீட்டரில் குறித்து இங்கேயே போடுங்கள். எந்தப் புத்தகம் என்பதை அநேகமாகச் சொல்லிவிடலாம். அந்த இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்பதற்கு மட்டும் தாளை நேரில் பார்க்க வேண்டும்.